புனித பெர்பெத்துவா, பெலிசித்தா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் 7-ஆம் தேதி திருவழிபாட்டு நாள்காட்டியில் இந்த இரண்டு பெயர்களும் சேர்ந்தே வரும். அதைப் பார்த்துவிட்டு மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் பெரும்பங்கு ஒரே நூலிலிருந்து வருகிறது. ‘பெர்பெத்துவா, பெலிசித்தா ஆகியோரின் பாடுகள்’ என்று லத்தீனில் வழங்கும் சின்ன நூல் அது.

இவர்கள் யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

வட ஆப்பிரிக்காவில், இன்றைய துனிசியாவில் இருந்த கார்த்தேஜ் நகரில் விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்து மறைசாட்சிகளான இரண்டு இளம் தாய்மார். ஆண்டு 203 என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. விபியா பெர்பெத்துவாவுக்கு அப்போது ஏறத்தாழ 22 வயது. நல்ல குடும்பம், நல்ல படிப்பு, முறையான திருமணம், கையில் பால்குடி மறவாத ஆண் குழந்தை. பெலிசித்தா ஓர் அடிமைப் பெண், எட்டு மாதக் கர்ப்பிணி. இவர்களோடு ரெவொகாத்துஸ், சத்துர்னினுஸ், செக்குந்துலுஸ் என்ற மூவரும் பிடிபட்டார்கள். எல்லாருமே திருமுழுக்குக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர்கள். இவர்களுக்கு மறை போதித்த சாத்துருஸ் கைது நடந்தபோது அங்கே இல்லை. பிறகு தானாகவே போய்ச் சரணடைந்தார்.

எத்தனையோ மறைசாட்சிகள் இருக்க பெர்பெத்துவாவை மட்டும் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

பெர்பெத்துவா சிறையில் தன் கையாலேயே எழுதி வைத்தார். அதுதான் காரணம். ஆதித் திருச்சபையின் மற்றப் பெண் புனிதர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்னஸ், லூசியா, ஆகத்தா, செசிலியா என்று யாராக இருந்தாலும், நமக்குக் கிடைப்பது பின்னால் வந்தவர்கள் எழுதிய வரலாறு. அதில் நீதிமன்ற வசனம் நீளும், அற்புதங்கள் அடுக்கடுக்காக வரும், புனிதரின் குரல் மட்டும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும். பெர்பெத்துவாவிடம் அப்படி இல்லை. ஒரு கிறிஸ்தவப் பெண் தன்னைப் பற்றித் தானே எழுதி நம் கைக்கு வந்துள்ள எழுத்துகளில் மிகப் பழையது இதுதான் என்று பொதுவாகக் கருதுகிறார்கள்.

அதில் என்ன எழுதியிருக்கிறார் என்பது இன்னும் முக்கியம். சிறையில் தள்ளப்பட்ட முதல் நாளைப் பற்றி, “பயந்துபோனேன், அப்படியொரு இருட்டை நான் அதுவரை அனுபவித்ததே இல்லை” என்கிறார். அடுத்து நெரிசலால் வந்த புழுக்கம். அப்புறம் காசு பிடுங்கும் சிப்பாய்கள். கடைசியாக, “எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையைப் பற்றிய கவலை என்னை அரித்தது.” புனிதர் வரலாறுகளில் இப்படி ஒரு வரிசையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அந்த நாட்குறிப்பு அவரே எழுதியதுதானா? யாராவது அவர் பெயரில் எழுதியிருக்கலாம் அல்லவா?

நியாயமான சந்தேகம். நூலில் மூன்று கைகள் தெரிகின்றன. பெயர் சொல்லாத ஒரு தொகுப்பாளர் முன்னுரையும் முடிவும் எழுதியிருக்கிறார். நடுவில் பெர்பெத்துவாவின் பகுதி, அதை அடுத்து சாத்துருஸ் கண்ட காட்சி. இந்த மூன்றின் நடையும் ஒன்றுபோல் இல்லை. தொகுப்பாளர் நீட்டி முழக்குபவர். பெர்பெத்துவாவின் வாக்கியங்கள் குட்டையானவை. “அப்புறம்”, “அப்புறம்” என்று பேச்சு வழக்கில் கோத்துக்கொண்டு போகிறார். ஏமாற்ற நினைக்கிற ஒருவர் இவ்வளவு வெற்று மொழியை அவருக்குக் கொடுத்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம். ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இதை அவர் எழுத்தாகவே ஏற்கிறார்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்களும் இருக்கிறார்கள்.

தொகுப்பாளர் கார்த்தேஜின் எழுத்தாளர் தெர்த்துல்லியன்தான் என்று ஒரு காலத்தில் உறுதியாகச் சொன்னார்கள். இப்போது அப்படி யாரும் அடித்துச் சொல்வதில்லை. ஆனால் பெர்பெத்துவாவைப் பற்றித் தெர்த்துல்லியனுக்குத் தெரியும். ஆன்மாவைப் பற்றிய தன் நூலில் அவர் பெயரைக் குறிப்பிடுகிறார்.

பழமைக்கு இன்னொரு தடயமும் உண்டு. மரணம் நடந்த விளையாட்டுகள் இளவரசர் கேத்தாவின் பிறந்தநாளுக்காக நடத்தப்பட்டவை என்று நூல் சொல்கிறது. அந்தக் கேத்தாவை 211-இல் அண்ணன் கரகல்லா கொன்று, கல்வெட்டுகளிலிருந்தெல்லாம் பெயரைச் செதுக்கி எடுக்கச் செய்தான். அதன்பிறகு எழுத உட்கார்ந்த ஒருவர் அந்தப் பெயரைப் புதிதாக இழுத்துவிட வேண்டிய அவசியமே இல்லை.

எதற்காகக் கைது செய்தார்கள்?

கிறிஸ்தவராக இருந்ததற்காக. அதைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். ஆனால் பேரரசர் செப்திமியுஸ் செவெருஸ் மதமாற்றத்தைத் தடை செய்து 202-இல் ஆணை போட்டார், அதன்படியே பிடித்தார்கள் என்று பல இடங்களில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அந்த ஆணைக்கான சான்று ஒரே ஒரு பிற்கால நூல். நம்ப முடியாத தகவல்களுக்குப் பேர்போன நூல் அது. அதனால் இன்றைய வரலாற்றாசிரியர்கள் பலர் அப்படி ஓர் ஆணை இருந்ததையே ஏற்பதில்லை.

ஆணை இல்லாமலும் கைது நடக்கும். மாநில ஆளுநருக்கு அவ்வளவு அதிகாரம் இருந்தது. இதே கார்த்தேஜில் 180-ஆம் ஆண்டு சில்லியம் ஊர்க் கிறிஸ்தவர்கள் 12 பேரின் தலையை வெட்டியிருக்கிறார்கள். பெர்பெத்துவாவை விசாரித்தவர் ஹிலாரியானுஸ். அவர் நிரந்தர ஆளுநர்கூட இல்லை. பதவியில் இருந்தவர் இறந்துபோனதால் அந்தப் பொறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

விசாரணையில் என்ன நடந்தது?

சில நிமிடங்களில் முடிந்திருக்கும். நகரச் சதுக்கத்தில் மேடை, சுற்றிப் பெருங்கூட்டம். பெர்பெத்துவாவின் முறை வந்ததும் அப்பா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார். ஹிலாரியானுஸ் முதலில் மிரட்டவில்லை: “உன் அப்பாவின் நரைத்த தலைக்காகப் பார். பச்சைக் குழந்தைக்காகப் பார். பேரரசர்களின் நலனுக்காகப் பலி செலுத்து.”

“செய்ய மாட்டேன்.”

“நீ கிறிஸ்தவளா?”

“கிறிஸ்தவள்தான்.”

அப்பா விடாமல் கெஞ்ச, அவரைக் கீழே தள்ளிப் பிரம்பால் அடிக்கச் சொல்கிறார் ஹிலாரியானுஸ். “என்னையே அடித்ததுபோல் வலித்தது, அவருடைய பரிதாபமான முதுமைக்காக வருந்தினேன்” என்று மகள் எழுதுகிறார். தீர்ப்பு: காட்டு விலங்குகள்.

அப்பாவிடம் அப்படிக் கல்மனதாக நடந்துகொள்ளலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அப்பாக்கள். நூலைப் படித்தால் அவர் கல்மனதுக்காரி இல்லை என்பது தெரியும்.

அப்பா நான்கு முறை வருகிறார். முதல் சந்திப்பில் பெர்பெத்துவா பக்கத்தில் இருந்த ஒரு பாத்திரத்தைக் காட்டி, “அப்பா, இதோ இந்தக் கூஜாவைப் பார்க்கிறீர்களா? இதைக் கூஜா என்றல்லாமல் வேறு பெயரால் சொல்ல முடியுமா?” என்று கேட்கிறார். முடியாது என்கிறார் அப்பா. “அப்படித்தான் நானும். கிறிஸ்தவள் என்றல்லாமல் வேறெப்படியும் என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது.” அந்தச் சொல்லைக் கேட்டதும் அப்பா கண்ணைப் பிடுங்குவதுபோல் பாய்கிறார். பிறகு போய்விடுகிறார். அவர் சில நாள் வராதது தனக்கு நிம்மதியாக இருந்தது என்று மகள் மறைக்காமல் எழுதுகிறார்.

இரண்டாவது முறை வரும்போது கோபமெல்லாம் வடிந்துவிட்டது. “உன் சகோதரர்கள் எல்லாரையும்விட உன்னைத்தானே உயர்த்தி வைத்தேன். உனக்கு ஒன்று ஆகிவிட்டால் எங்களில் யாரும் வெளியே வாய்திறந்து பேச முடியாது” என்கிறார். கையை முத்தமிடுகிறார், காலில் விழுகிறார், மகளை மகள் என்று கூப்பிடாமல் ‘அம்மணி’ என்கிறார். ரோமைக் குடும்பத்தில் தகப்பன் என்பவர் சட்டப்படியே வீட்டின் அதிபதி. அப்படிப்பட்டவர் மகள் காலில். மூன்றாவது முறை நீதிமன்றத்தில். கடைசியாக வந்தபோது தாடியைப் பிய்த்து எறிந்து, முகங்குப்புறக் கிடந்து, வயதான காலத்தைச் சபிக்கிறார்.

“என் குடும்பத்தில் என் பாடுகளைக் கண்டு மகிழப்போகாதவர் இவர் ஒருவர்தான்” என்றொரு வரி உண்டு. மற்றவர்கள் கிறிஸ்தவர்களாகவோ ஆதரவாகவோ இருந்திருக்க வேண்டும். அப்பா தனியாள். நூலில் அவர் பெயர்கூட இல்லை. மறைசாட்சி வரலாறுகளில் எதிர்த்து நிற்கும் தகப்பனை வில்லனாக்குவது எளிது. பார்பராவின் கதையில் அப்படித்தான் வரும். பெர்பெத்துவா அதைச் செய்யவில்லை.

கணவர் எங்கே போனார்?

நூலில் இல்லை. திருமணமானவர் என்று ஒரு சொல் மட்டும் வருகிறது. இறந்துவிட்டார், கைவிட்டுவிட்டார், கிறிஸ்தவத்தை எதிர்த்தார், சாத்துருஸ்தான் கணவர் என்றெல்லாம் ஆளாளுக்குச் சொல்வார்கள். எல்லாம் ஊகம். பிற்காலத்தில் எழுதப்பட்ட ஒரு சுருக்கப் பதிப்பில் விசாரணைக்குக் கணவரும் வருகிறார். அந்த இடைவெளி பழங்காலத்து வாசகர்களையும் உறுத்தியிருக்கிறது போலிருக்கிறது!

குழந்தை என்ன ஆனது?

முதலில் குழந்தை வெளியே, தாய் உள்ளே. பால் இல்லாமல் குழந்தை துவண்டது. தெர்த்தியுஸ், பொம்போனியுஸ் என்ற இரண்டு திருத்தொண்டர்கள் காவலர்களுக்குக் காசு கொடுத்து, கைதிகளைச் சில மணி நேரம் சிறையின் நல்ல பகுதிக்கு மாற்ற வைத்தார்கள். (ஆம், லஞ்சம்தான். நூல் அதை ஒளிக்கவில்லை.) அங்கேதான் குழந்தைக்குப் பால் கொடுத்தார். பிறகு குழந்தையைத் தன்னோடே வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. “சிறை திடீரென்று எனக்கு மாளிகையாகிவிட்டது, வேறெங்கே இருப்பதையும்விட அங்கேயே இருக்கத் தோன்றியது” என்று எழுதுகிறார்.

தீர்ப்புக்குப் பிறகு குழந்தையைக் கேட்டு ஆள் அனுப்பினார். அப்பா தர மறுத்துவிட்டார். அன்றிலிருந்து குழந்தை பாலுக்கு அழவில்லை, தனக்கும் பால் கட்டிக்கொண்டு வலி வரவில்லை, கடவுள் பார்த்துக்கொண்டார் என்கிறார். அவர் கடவுளிடம் நன்றி சொல்லும் இடங்களில் இது ஒன்று. பால்குடி மறக்கவைத்த எந்தத் தாய்க்கும் இந்த வரி விளக்கம் இல்லாமலே புரியும். அதன்பிறகு அந்தப் பையன் தாத்தா வீட்டில் வளர்ந்திருப்பான் என்று நினைத்துக்கொள்ளலாம். நூல் அவனை அதற்கு மேல் பின்தொடரவில்லை.

பெலிசித்தா, பெர்பெத்துவாவின் வேலைக்காரியா?

அப்படி ஒரு சொல்லும் நூலில் கிடையாது. ரெவொகாத்துஸும் பெலிசித்தாவும் ‘உடன் அடிமைகள்’ என்று இருக்கிறது, அவ்வளவுதான். எஜமானியும் பணிப்பெண்ணும் கைகோத்துச் சாவதாகப் படம் வரைந்தவர்களும் மேடை நாடகம் போட்டவர்களும் சேர்த்துக்கொண்டது அது. பெலிசித்தா கறுப்பினப் பெண், பெர்பெத்துவா வெள்ளைக்காரப் பெண் என்று வரைவதற்கும் ஆதாரம் இல்லை.

பெலிசித்தாவைப் பற்றித் தனியாக என்ன தெரியும்?

கொஞ்சம்தான், ஆனால் மறக்க முடியாதது. கர்ப்பிணியைக் கொல்ல ரோமைச் சட்டம் இடம் தராது. மற்றவர்கள் போனபிறகு தான் மட்டும் பிந்தி, யாரோ கொலைகாரர்களோடு சேர்ந்து சாகவேண்டி வருமே என்பதுதான் அவர் கவலை. விளையாட்டுகளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது எல்லாரும் சேர்ந்து செபித்தார்கள். உடனே இடுப்புவலி கண்டது. எட்டாம் மாதப் பிரசவம், கடும் வேதனை, அலறினார்.

காவலாளி ஒருவன் கேலி செய்தான்: “இதற்கே இப்படிக் கத்துகிறாயே, விலங்குகள் முன்னால் தள்ளும்போது என்ன செய்வாய்?”

அதற்கு அவர் சொன்ன பதில்: “இப்போது படும் வேதனையை நான் படுகிறேன். அங்கே எனக்குள் இன்னொருவர் இருந்து எனக்காகப் படுவார், நான் அவருக்காகப் படப்போவதால்.”

பெண் குழந்தை பிறந்தது. ஒரு கிறிஸ்தவச் சகோதரி அதைத் தன் மகளாக எடுத்து வளர்த்தார். நூல் முழுக்கப் பெலிசித்தா பேசுவதாக வருவது இந்த ஒரே இடம்தான்.

பெர்பெத்துவா கண்ட கனவுகள் என்னென்ன?

நான்கு. கேட்டு வாங்கிய கனவு முதலாவது. “நீ ஆண்டவரிடம் கேட்டுப் பார், நமக்குச் சாவா விடுதலையா என்று தெரியட்டும்” என்று தம்பியோ அண்ணனோ சொல்ல, “நாளைக்குச் சொல்கிறேன்” என்கிறார், அவ்வளவு நிச்சயமாக. அன்றிரவு வெண்கல ஏணி ஒன்றைக் காண்கிறார். வானம் வரை உயரம், ஒருவர் மட்டுமே ஏறக்கூடிய அகலம். இரண்டு பக்கமும் வாள், ஈட்டி, கொக்கி, கத்தி. அடியில் அரக்கப்பாம்பு. சாத்துருஸ் முதலில் ஏறிப் போய், மேலிருந்து “பார்த்து வா, பாம்பு கடித்துவிடப் போகிறது” என்கிறார். பெர்பெத்துவா அதன் தலையையே முதல் படியாக மிதித்து ஏறுகிறார். மேலே பெரிய தோட்டம். நரைத்த தலையோடு ஓர் இடையர் ஆடு கறந்துகொண்டிருக்கிறார். “நல்வரவு, பிள்ளாய்” என்று சொல்லி, கறந்துகொண்டிருந்ததிலிருந்தே ஒரு கவளம் பால்கட்டி தருகிறார். பால் எப்படி அதற்குள் கட்டியானது என்று கேட்கக் கூடாது, கனவு. இரு கைகளையும் குவித்து வாங்கி உண்கிறார். சுற்றி நின்ற வெள்ளுடையினர் “ஆமென்” என்கிறார்கள். விழித்தபிறகும் வாயில் ஏதோ இனிப்பை மென்றுகொண்டிருந்தாராம். விடுதலை இல்லை, சாவுதான் என்று இருவருக்கும் புரிந்துவிட்டது.

இரண்டும் மூன்றும் இறந்துபோன தம்பியைப் பற்றியவை. அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

நான்காவது, விளையாட்டுக்கு முந்தின நாள் கண்டது. அரங்கில் விலங்குகளுக்குப் பதிலாக ஓர் எகிப்தியன் எதிரில் நிற்கிறான். உடையைக் களைந்ததும் “நான் ஆணானேன்” என்கிறார். எண்ணெய் தேய்த்து, மல்லுக்கட்டி, அவன் தலையை மிதிக்கிறார். அரங்கைவிட உயரமான நடுவர் ஒருவர் பொன் ஆப்பிள்கள் தொங்கும் பச்சைக் கிளையைக் கொடுத்து, “மகளே, அமைதி உனக்கு” என்கிறார். உடல் ஆண், அழைப்பு ‘மகளே’! இந்த ஒரு வரியை வைத்து எழுதப்பட்ட ஆய்வுகளுக்கு அளவே இல்லை. மல்யுத்தம் ஆண்கள் களம், கனவில் அவரும் மல்லரானார் என்று எளிமையாக எடுத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அந்தக் கனவோடு அவர் எழுத்து நிற்கிறது. “விளையாட்டுக்கு முந்தின நாள் வரை நடந்தது இது. அங்கே நடக்கப்போவதை விருப்பமுள்ளவர் எழுதட்டும்.”

இறந்தவர்களுக்காகச் செபிப்பதற்கு இவரை ஆதாரமாகக் காட்டுகிறார்களே?

தினோக்ராத்தெஸ் என்ற தம்பி. ஏழு வயதில் முகத்தில் புற்றுப் புண் வந்து, பார்ப்பவர் அருவருக்கும்படி இறந்தவன். செபித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று அவன் பெயர் வாயில் வந்ததாம். அதுவரை அவனை நினைக்காமல் இருந்ததே வியப்பாக இருந்ததாம். அன்றிரவு கனவில், இருட்டான இடத்திலிருந்து அழுக்காக, தாகமாக, புண்ணோடு வருகிறான். தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, ஆனால் அதன் விளிம்பு அவன் உயரத்துக்கு மேலே. எட்டி எட்டிப் பார்க்கிறான். பெர்பெத்துவா அவனுக்காக இரவும் பகலும் அழுது செபிக்கிறார். சில நாள் கழித்து இன்னொரு கனவு. அதே இடம் வெளிச்சமாக. தொட்டியின் விளிம்பு அவன் தொப்புள் அளவுக்கு இறங்கியிருக்கிறது. புண் இருந்த இடத்தில் தழும்பு. பொற்கிண்ணத்தில் குடித்துவிட்டு, சின்னப் பிள்ளைகள்போல் விளையாடப் போகிறான்.

இறந்தவர்கள் விண்ணகம் சேருமுன் தூய்மையாகும் உத்தரிக்கிற ஸ்தலம் என்ற கோட்பாட்டுக்குப் பழைய சான்றாகக் கத்தோலிக்கர் இதைக் காட்டுவதுண்டு. கோட்பாடு உருவாவதற்குப் பல நூற்றாண்டு முந்திய கனவு என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். 5-ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பற்றி வாதம் நடந்தது. திருமுழுக்கு இல்லாமல் இறந்த குழந்தைகளும் மீட்படையலாம் என்பதற்கு இந்தச் சிறுவனை ஒருவர் உதாரணம் காட்ட, வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தினார் மறுத்தார். இந்த நூல் திருமறை நூல்களில் ஒன்றல்ல என்றும், அவன் திருமுழுக்குப் பெற்றவனாகவே இருந்திருக்கலாம் என்றும் பதில் சொன்னார்.

சிங்கத்துக்கு இரையானார்களா?

இல்லை. படங்களில் சிங்கம் நிற்கும். நூலில் சிங்கமே கிடையாது. சிறுத்தை, கரடி, காட்டுப்பன்றி ஆகியவை ஆண்களுக்கு. பெண்களுக்கு ஒரு வெறிபிடித்த பசு. வழக்கத்தில் இல்லாதது அது. பெண்களுக்கு ஏற்ற பெண் விலங்கு என்ற கேலி.

கடைசி நாளில் நடந்ததைச் சொல்லுங்கள்.

இதுமுதல் தொகுப்பாளரின் எழுத்து. செக்குந்துலுஸ் சிறையிலேயே இறந்துவிட்டார். மற்றவர்கள் நாள் விடிந்ததும் அரங்குக்கு நடந்தார்கள்.

வாயிலில் முதல் தகராறு. ஆண்களுக்குச் சத்துர்ன் தேவனின் குருக்கள் உடையும், பெண்களுக்குச் செரெஸ் தேவியின் பூசாரிகள் உடையும் போட்டுவிடப் பார்த்தார்கள். பெர்பெத்துவா விடவில்லை. “எங்கள் சுதந்திரம் பறிபோகக் கூடாது என்றுதானே மனமுவந்து இங்கே வந்திருக்கிறோம். இதைச் செய்யக் கூடாது என்பதற்காகத்தானே உயிரைக் கொடுத்தோம். அதுதானே ஒப்பந்தம்?” என்றார். அதிகாரி விட்டுக்கொடுத்தார்.

பிறகு பெண்கள் இருவரையும் ஆடை களைந்து வலையால் சுற்றிக் கொண்டுவந்தார்கள். ஒருத்தி மென்மையான இளம்பெண், இன்னொருத்தி அப்போதுதான் பெற்றவள், மார்பில் பால் சொட்டிக்கொண்டிருக்கிறது. ரத்தம் பார்க்க வந்த கூட்டமே முகம் சுளித்தது. திரும்பக் கூட்டிப்போய்த் தொளதொள உடை உடுத்தி அனுப்பினார்கள்.

பசு முதலில் பெர்பெத்துவாவைத் தூக்கி எறிந்தது. எழுந்து உட்கார்ந்தவர், கிழிந்த உடையை இழுத்துத் தொடையை மூடினார். அடுத்து ஊசி தேடி, அவிழ்ந்த கூந்தலை முடிந்துகொண்டார். தலைவிரி கோலம் இழவு வீட்டுக்கு உரியது. வெற்றி நாளில் தான் அழுதுகொண்டிருப்பதுபோல் தெரியக் கூடாது என்று. அப்புறம் கீழே கிடந்த பெலிசித்தாவிடம் போய்க் கைகொடுத்துத் தூக்கினார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கூட்டம் இளகியது, உயிர்வாயில் என்ற கதவு வழியாக இருவரையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அங்கே ருஸ்திகுஸ் என்ற இளைஞர் தாங்கிப்பிடிக்க, தூக்கத்திலிருந்து விழித்தவர்போல் பெர்பெத்துவா கேட்டார்: “அந்தப் பசுவுக்கு முன்னால் நம்மை எப்போது விடப்போகிறார்களாம்?” முடிந்துவிட்டது என்றால் நம்பவில்லை. உடம்பிலும் உடையிலும் இருந்த அடையாளங்களைப் பார்த்தபிறகே நம்பினார்.

சாத்துருஸைச் சிறுத்தை ஒரே கடியில் ரத்தத்தில் முக்கியது. கூட்டம் “நல்ல குளியல்!” என்று கத்தியது, குளியலறையில் ஒருவருக்கொருவர் சொல்லும் வாழ்த்து அது. அவர் தன்னிடம் மரியாதையாக நடந்துகொண்ட சிறை அதிகாரி பூதென்ஸின் மோதிரத்தைக் கேட்டு வாங்கி, தன் காயத்தில் தோய்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

கடைசியில் எல்லாரையும் கழுத்தறுக்கக் கூப்பிட்டார்கள். கண்ணுக்கு முன்னால் நடக்க வேண்டும் என்று கூட்டம் கேட்டது. தாங்களாகவே எழுந்து போய், ஒருவருக்கொருவர் சமாதான முத்தம் கொடுத்துக்கொண்டார்கள். பெர்பெத்துவாவுக்கு வந்து சேர்ந்த வாள்வீரன் புதியவன். வாள் எலும்பில் பட, அவர் அலறினார். பிறகு அவனுடைய நடுங்கும் கையைப் பிடித்துத் தன் தொண்டைக்குக் கொண்டுபோனார்.

ஏழு மகன்களோடு இறந்த பெலிசித்தா இவரேவா?

இல்லை. அவர் ரோமை நகரத்துப் பெலிசித்தா. அவருக்கு வேறு நாள், வேறு வரலாறு.

விழா மார்ச் 6 என்று பழைய புத்தகத்தில் இருக்கிறதே?

அந்தப் புத்தகமும் சரிதான். 354-ஆம் ஆண்டின் ரோமை நாள்காட்டியிலேயே மார்ச் 7 இவர்களுக்கு உரியதாக இருக்கிறது. ஆனால் 1274-இல் தாமஸ் அக்குவினாஸ் அதே நாளில் இறந்ததால், பிற்காலத்தில் அந்த நாள் அவருக்குப் போனது. இவர்கள் அவருடைய விழாவுக்குள் ஒரு சிறு நினைவாக ஒடுங்கினார்கள். 1908-இல் ஒருநாள் முன்னே தள்ளி மார்ச் 6 கொடுத்தார்கள். 1969 சீர்திருத்தத்தில் அக்குவினாஸ் ஜனவரி 28-க்கு மாற, இவர்களுக்குப் பழைய நாள் திரும்பக் கிடைத்தது. கீழைத் திருச்சபைகளில் பிப்ரவரி 1.

மார்ச் 7 பெரும்பாலும் தவக்காலத்தில் விழுவதால் ஆரவாரம் இல்லாமல் போய்விடும். திருப்பலியின் முதலாம் நற்கருணை மன்றாட்டிலும் இவர்கள் பெயர் உண்டு. அதுவும் அடைப்புக்குறிக்குள் இருக்கும் பட்டியல்; நேரம் இல்லையென்றால் குருவானவர் விட்டுவிடலாம். அடுத்தமுறை முழுப் பட்டியலும் வாசித்தால் ஆகத்தாவுக்கும் லூசியாவுக்கும் முன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

கார்த்தேஜுக்குப் போனால் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

துனிஸ் நகரின் புறநகராகவே கார்த்தேஜ் இன்று இருக்கிறது. அரங்கின் கற்களைக் காலங்காலமாகப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மரங்களுக்கு நடுவே முட்டை வடிவப் பள்ளமும் கொஞ்சம் சுவரும் மிஞ்சியிருக்கின்றன. ரோமையின் கொலோசேயத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். இவர்களை அடக்கம் செய்ததாகச் சொல்லப்படும் பேராலயத்தின் இடிபாடுகளில், டெலாட்ர் என்ற பிரெஞ்சுக் குருவானவர் 1907-இல் உடைந்த கல்வெட்டு ஒன்றைக் கண்டெடுத்தார். துண்டுகளை ஒட்டிப் படித்தபோது இந்த மறைசாட்சிகளின் பெயர்கள் வந்தன.

உருவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இத்தாலியின் ரவென்னா. அங்கே 6-ஆம் நூற்றாண்டு மொசைக் சுவரில் மகுடம் ஏந்தி நடந்துபோகும் பெண் புனிதர்கள் வரிசையில் இருவரும் இருக்கிறார்கள். எஜமானி, அடிமை என்று உடையைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

நூலைப் படிக்க ஆசை. எங்கே தொடங்கலாம்?

சின்ன நூல், 21 பகுதிகள். ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். 17-ஆம் நூற்றாண்டில் மோந்தே கசீனோ மடத்தில் லத்தீன் கையெழுத்துப் படி கிடைக்கும் வரை முழு நூல் மேற்குலகுக்கே தெரியாமல் இருந்தது. 1889-இல் எருசலேமில் கிரேக்கப் படியும் கிடைத்தது. மொழிபெயர்ப்புகள் இரண்டையும் ஒட்டி வருகின்றன.

முன்னுரையில் தொகுப்பாளர் தூய ஆவியின் புதிய வரங்களைப் பற்றி வாதாடிக்கொண்டிருப்பார். அங்கே மாட்டிக்கொண்டு புத்தகத்தை மூடிவைத்தவர்கள் உண்டு. நேராக மூன்றாம் பகுதிக்குப் போய்விடுங்கள். கூஜா அங்கேதான் இருக்கிறது.